மண்ணில் புதைத்த கார் மறுபடியும் ஓடியது!

42 ஆண்டு மணலுக்குள் கிடந்த பந்தயக் கார்! தோண்டி எடுத்தார் ஓர் ஆசிரியர்! துருப்பிடித்த இரும்பு சொன்ன சாட்சியம்!

மனிதர் இறந்தால் புதைப்பார்கள். வீட்டில் வளர்த்த நாய் இறந்தாலும் குழி வெட்டிப் புதைப்பது உண்டு. மோட்டார் காரைப் புதைப்பார்களா?

புதைத்தார்கள்!

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில், 1927ஆம் ஆண்டில் இது நடந்தது. கடற்கரை மணல் மேட்டில் பெரிய குழி வெட்டினார்கள். ஒரு காரை அதில் இறக்கினார்கள். மணலைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

அது சாதாரணக் கார் அல்ல. அதற்கு முந்திய ஆண்டில்தான் "உலகத்திலேயே அதிக வேகமாக ஓடிய கார்" என்று பெயர் வாங்கியது. அதன் பெயர் "பாப்ஸ்".

பாப்ஸ் 42 ஆண்டு மண்ணுக்குள் கிடந்தது. 1969இல் ஓர் ஆசிரியர் வந்தார். அதைத் தோண்டி எடுத்தார். சுமார் 15 ஆண்டு அதனோடு போராடினார். துருப்பிடித்த இரும்புக் குவியலை மறுபடியும் காராக ஆக்கினார்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் உண்டு. பாப்ஸின் மீது ஒரு பழி இருந்தது. தன்னை ஓட்டியவரைத் தானே கொன்ற கார் என்ற பழி அது. மண்ணிலிருந்து வெளியே வந்தபோது அந்தப் பழிக்கும் கார் பதில் சொல்லிற்று. அந்தக் கதை இதோ:

பிரபுவும் நண்பரும்

பாப்ஸுக்கு முதலில் இருந்த பெயர் "ஹைஹாம் ஸ்பெஷல்". அதைச் செய்தவர் லூயி ஸ்பரோவ்ஸ்கி என்ற பிரபு. இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்தில், ஹைஹாம் என்ற இடத்தில் இவருக்குப் பெரிய மாளிகை இருந்தது. பணத்துக்குக் குறைவில்லை. கார் மோகத்துக்கும் குறைவில்லை.

இவருடைய தந்தையும் கார்ப் பந்தயக்காரர்தான். 1903இல் பிரான்ஸ் நாட்டில், மலை ஏறும் பந்தயம் ஒன்றில் கார் மோதி மாண்டவர். அப்போது மகன் சிறு பையன். தந்தையைக் கார் கொன்றதே என்று மகன் காரை வெறுக்கவில்லை. வளர்ந்ததும் தானும் பந்தயத்தில் இறங்கினார்.

ஸ்பரோவ்ஸ்கிக்கு கிளைவ் கேலப் என்று ஒரு நண்பர். கேலப் இயந்திர வேலையில் கைதேர்ந்தவர். ஒருவரிடம் பணம், மற்றவரிடம் தொழில் அறிவு. இருவருக்கும் ஆசை ஒன்று. பழைய காரின் அடிச்சட்டத்தை எடுப்பார்கள். அதன்மேல் ஆகாய விமானத்தின் என்ஜினைத் தூக்கி வைப்பார்கள். இப்படிச் செய்த கார்களுக்கு "சிட்டி பேங் பேங்" என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயரை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் பிளெமிங், பறக்கும் கார் ஒன்றைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினார். அது 1964இல் வெளிவந்தது. 1968இல் சினிமாப் படமாகவும் வந்தது. கதையில் வரும் காருக்கு அவர் பெயர் எடுத்துக்கொண்டது இந்தப் பிரபுவின் கார்களிலிருந்துதான்.

இரண்டு குடம் கொள்ளும் என்ஜின்

சிட்டி கார்களுக்குப் பிறகு ஸ்பரோவ்ஸ்கி செய்த பூதம்தான் ஹைஹாம் ஸ்பெஷல். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது "லிபர்ட்டி" என்ற அமெரிக்க விமான என்ஜின்.

லிபர்ட்டி பிறந்த கதையே ஒரு கதை. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அவசரமாக விமான என்ஜின் வேண்டும். இரண்டு என்ஜினீயர்களை வாஷிங்டன் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவர்கள் படம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிறகு பல தொழிற்சாலைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட என்ஜின்கள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றில் பல வேலையில்லாமல் கிடந்தன.

அந்த என்ஜினில் 12 சிலிண்டர்கள். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் இடத்தின் மொத்த அளவு 27 லிட்டர். அதாவது, சுமார் இரண்டு குடம் தண்ணீர் கொள்ளும் இடம்! இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் காரின் பழைய என்ஜினில் இந்த அளவு ஒன்றரை லிட்டர்தான். பதினெட்டு அம்பாசிடர் என்ஜின்களை ஒன்றாகக் கட்டியதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். 400 குதிரை சக்திக்கு மேல் கொடுக்கக் கூடியது.

இந்தச் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போவது எப்படி? சைக்கிளில் இருப்பதுபோல் சங்கிலி! காரின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு கனத்த சங்கிலி. என்ஜின் பல்சக்கரத்தைச் சுற்றும். பல்சக்கரம் சங்கிலியை இழுக்கும். சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும். இந்தக் கியர்ப்பெட்டியும் சங்கிலி அமைப்பும் பழைய ஜெர்மன் பந்தயக் கார் ஒன்றிலிருந்து எடுத்தவை.

இந்தச் சங்கிலியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதன் மீதுதான் பழி விழுந்தது.

ஹைஹாம் ஸ்பெஷலின் முழுத் திறமையையும் காணும் பாக்கியம் ஸ்பரோவ்ஸ்கிக்குக் கிட்டவில்லை. 1924 அக்டோபரில் இத்தாலியில், மோன்சா பந்தயத்தில் வேறொரு காரை ஓட்டும்போது விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 29. தந்தை போன வழியே மகனும் போனார்.

இவர் வேறு பாரி!

பிரபு இறந்த பிறகு அந்தக் கார் விலைக்கு வந்தது. 125 பவுன் கொடுத்து அதை வாங்கியவர் ஜான் காட்பிரி பாரி-தாமஸ்.

பாரி என்றதும் முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த வள்ளல்தான் தமிழருக்கு நினைவு வரும். இவர் வேறு பாரி. வேல்ஸ் நாட்டில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். ஆனால் இந்தப் பாரியின் தேரும் கடைசியில் மண்ணுக்கே போயிற்று!

பாரி-தாமஸ் பெரிய என்ஜினீயர். லாரிகளுக்குப் பெயர் போன லேலண்டு கம்பெனியில் தலைமை என்ஜினீயராக இருந்தவர். எட்டு சிலிண்டர் உள்ள ஒரு உயர்ந்த காரை அந்தக் கம்பெனிக்காக உருவாக்கினார். அவருக்கு உதவியாக இருந்த இளைஞர் ரீட் ரெயில்டன். பந்தய ஆசை மிகுந்ததும் பாரி-தாமஸ் வேலையை விட்டார். இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயத் தளத்துக்கு உள்ளேயே ஒரு வீட்டில் குடியேறிவிட்டார். காரே வீடு, காரே உலகம். பல வண்ணக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அவர் கார் ஓட்டும் காட்சி அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

வாங்கிய காரை அவர் அப்படியே ஓட்டவில்லை. பிரித்துப் போட்டார். பிஸ்டன்களைத் தாமே புதிதாக வரைந்து செய்து மாட்டினார். என்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர்கள் நான்கு பொருத்தினார். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி உடற்கூட்டை மாற்றினார். பழைய பெயரையும் மாற்றி, "பாப்ஸ்" என்று செல்லப் பெயர் வைத்தார்.

21 விநாடியில் ஒரு மைல்

வேல்ஸின் தென்மேற்கே பென்டைன் என்ற சிற்றூர். அங்கே கடற்கரை ஏழு மைல் நீளம். கடல் வற்றும் நேரத்தில் மணல் கெட்டியாக, பலகைபோல் சமமாகக் கிடக்கும். அக்காலத்தில் பிரிட்டனில் இத்தனை நீளமான நேர் சாலை கிடைப்பது அரிது. ஆகவே வேகச் சாதனை செய்ய விரும்பியவர்கள் பென்டைனுக்கு வந்தார்கள்.

1926 ஏப்ரல் மாதம் பாப்ஸ் அங்கே வந்தது. அப்போது உலகச் சாதனை மணிக்கு 152 மைல். ஏப்ரல் 27ஆம் தேதி பாரி-தாமஸ் மணிக்கு 169 மைல் வேகத்தில் ஓட்டினார். பழைய சாதனை தூள்! மறுநாளே அவர் தம் சாதனையைத் தாமே உடைத்தார். அன்று பதிவான வேகம் மணிக்கு 171 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 275.

அந்த வேகத்தில் ஒரு மைலைக் கடக்க 21 விநாடி போதும். இத்தனைக்கும் அது ஒரு பிரபு விளையாட்டாகச் செய்து, அவர் இறந்த பிறகு பழைய சாமானாக 125 பவுனுக்கு விற்கப்பட்ட கார்!

அரை விநாடிக்காக

பென்டைனுக்கு வந்து போன இன்னொரு வீரர் மால்கம் காம்பெல். அவருடைய கார் "புளூ பேர்ட்", அதாவது நீலப் பறவை. 1927 பிப்ரவரி 4ஆம் தேதி அதே கடற்கரையில் காம்பெல் மணிக்கு கிட்டத்தட்ட 175 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனையைப் பறித்துக்கொண்டார்.

இரண்டு வேகத்துக்கும் வித்தியாசம் நாலு மைல்கூட இல்லை. ஒரு மைல் தூரத்தைக் கடப்பதில் அது அரை விநாடிக்கும் குறைவு. கண் இமைத்து மூடும் நேரம்!

அந்த அரை விநாடியை மீட்க 1927 மார்ச் மாதம் பாரி-தாமஸ் மறுபடியும் பென்டைனுக்கு வந்தார். மார்ச் 3ஆம் தேதி, வியாழக்கிழமை, பாப்ஸ் மணலில் பறந்தது. திடீரென்று கார் நிலைகுலைந்தது. கவிழ்ந்து உருண்டது. மணலில் சறுக்கிக்கொண்டே போய் நின்றது. பாரி-தாமஸ் உயிர் போய்விட்டது. தரையில் உலக வேகச் சாதனைக்கான முயற்சியில் உயிரைக் கொடுத்த முதல் மனிதர் அவர்தான்.

அதற்குப் பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 29ஆம் தேதி அமெரிக்காவில், டேடோனா கடற்கரையில், ஹென்றி சீகிரேவ் என்ற வீரர் மணிக்கு 203 மைலைத் தாண்டி ஓட்டினார். அரை விநாடிக்காக ஓர் உயிர் போயிற்று. அந்த அரை விநாடியும் 26 நாளில் பழங்கதை ஆகிவிட்டது!

சங்கிலி மீது விழுந்த பழி

விபத்துக்குக் காரணம் என்ன? உடைந்த காரின் வலது பக்கச் சங்கிலி அறுந்து கிடந்தது. பாரி-தாமஸுக்குத் தலையிலும் கழுத்திலும் கொடிய காயம். ஊர் வாய் உடனே முடிவு கட்டிவிட்டது. ஓடும் வேகத்தில் சங்கிலி அறுந்தது. அது சவுக்குப்போல் மேலே வீசியது. வீரரை அடித்துக் கொன்றது. இதுதான் அந்த முடிவு.

கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது. பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் அப்படியே ஏறிவிட்டது. சங்கிலி வைத்த கார் என்றாலே ஆபத்து என்று பேசிக்கொண்டார்கள்.

மரண விசாரணை முடிந்தது. பாரி-தாமஸின் உடல் புரூக்லண்ட்ஸுக்கு அருகே பைபிளீட் என்ற ஊரில், மாதா கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கார் என்ன ஆவது? அதைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டவோ, உடைத்து இரும்புக் கடைக்கு விற்கவோ யாருக்கும் மனம் வரவில்லை. தலைவனோடு அதுவும் போகட்டும் என்று, அவர் மாண்ட பென்டைனிலேயே மணல் மேட்டில் புதைத்துவிட்டார்கள்.

அவருடைய நண்பர்கள் தொழிலை விடவில்லை. கென் தாம்சன், கென் டெய்லர் என்ற இரண்டு கூட்டாளிகளும் புரூக்லண்ட்ஸ் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார்கள். உதவியாளராக இருந்த ரெயில்டன் பிற்காலத்தில் வரைந்த கார் 1947இல் மணிக்கு 394 மைல் வேகத்தைத் தொட்டது. சீடரின் கார் குருவின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடிற்று. பாப்ஸோ மண்ணுக்குள் கிடந்தது.

தோண்டலாமா?

ஆண்டுகள் ஓடின. பென்டைன் கடற்கரையின் ஒரு பகுதி ராணுவத்தின் கைக்குப் போயிற்று. அங்கே வெடிகுண்டுச் சோதனைகள் நடந்தன. கார் புதைந்த இடமும் ராணுவ எல்லைக்குள் அடங்கிவிட்டது.

வேல்ஸின் வடக்கே, மலைகளுக்கு நடுவில், கேப்பல் கியூரிக் என்ற ஊர். அங்கே வசித்தவர் ஓவன் வின் ஓவன். பேங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். பழைய கார்களைப் பழுது பார்ப்பதில் மிகுந்த பிரியம் உள்ளவர். தம் நாட்டு வீரர் ஒருவரின் கார் மண்ணுக்குள் மக்கிப் போகிறதே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

ஆனால் அனுமதி கிடைப்பது எளிதாக இல்லை. ராணுவத்தினர் சம்மதிக்க வேண்டும். பாரி-தாமஸின் குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும். ஊரார் மனமும் இசைய வேண்டும்.

எதிர்ப்பும் எழுந்தது. புதைத்த இடம் கல்லறைக்குச் சமானம். அதைக் கிளறுவது பாவம் என்பது ஒரு கட்சி. என்ஜினீயர் ஒருவருக்கு அவர் கையால் செய்த இயந்திரத்தை மறுபடி ஓட வைப்பதுதான் உண்மையான மரியாதை என்பது மற்றொரு கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது. 1927இல் புதைத்தவர்களும் அன்பினால்தான் புதைத்தார்கள். 1969இல் தோண்ட வந்தவரும் அன்பினால்தான் வந்தார். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கடற்கரை மண் எதையும் பாதுகாக்காது. உப்பு நீர் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். இன்னும் கொஞ்ச காலம் விட்டால், தோண்டுவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடம் இருக்காது.

கடைசியில் அனுமதி கிடைத்தது. சந்திரனில் மனிதன் கால் வைத்த அதே 1969ஆம் ஆண்டில், மண்ணுக்குள் இருந்த பாப்ஸ் வெளிச்சத்தைப் பார்த்தது.

உப்பும் துருவும்

வெளியே வந்தது கார்தானா என்று கேட்கும்படி இருந்தது அதன் நிலை. தகடுகள் அரித்துப் போயிருந்தன. இரும்பெல்லாம் துரு. ஆனால் அடிச்சட்டம் இருந்தது. அந்தப் பெரிய என்ஜின் இருந்தது. ஓவன் அவற்றைக் கேப்பல் கியூரிக்குக் கொண்டு போனார்.

இப்படிப்பட்ட காரைப் பழுது பார்ப்பது எப்படி? வீட்டில் துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்கவே எவ்வளவு பாடு! எண்ணெய் விட வேண்டும், காத்திருக்க வேண்டும், மெதுவாகத் தட்ட வேண்டும். பலமாக அடித்தால் பூட்டு உடைந்துவிடும். காரில் இப்படிப்பட்ட நட்டுகளும் போல்ட்டுகளும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றையும் எண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கோபக்காரருக்கு ஏற்ற வேலை அல்ல.

அலுமினியமும் இரும்பும் சேர்ந்த இடங்களில் தொல்லை இன்னும் அதிகம். இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்க, நடுவில் உப்பு நீர் புகுந்தால், மின்சார பாட்டரிக்குள் நடப்பதுபோல் ஒரு ரசாயன மாறுதல் நடக்கும். அலுமினியம் மாவுபோல் பொடிந்து போகும்.

அரித்த உறுப்பே ஆசான்

துருவைப் போக்கிய பிறகு உறுப்புகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அப்படியே உதவக்கூடியவை ஒன்று. செப்பனிட்டால் உதவுபவை ஒன்று. எதற்கும் உதவாதவை ஒன்று.

உதவாதவற்றையும் தூக்கி எறிய மாட்டார்கள். அவைதான் மாதிரி. அரித்துப்போன உறுப்பை அளந்து, முன்பு எந்த அளவில் இருந்திருக்கும் என்று கணக்கிடுவார்கள். அதேபோல் மரத்தில் அச்சு செய்வார்கள். அந்த அச்சை மணலில் பதித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் கடைசல் இயந்திரத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு காலத்தில் மணல் தின்ற உறுப்பு, மணலில் இருந்தே மறுபடி பிறக்கும்!

என்ஜின் விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு. லிபர்ட்டி என்ஜின்கள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. தேடினால் பழைய உறுப்புகள் எங்காவது கிடைக்கும். பாரி-தாமஸ் தம் கையால் மாற்றிச் செய்தவற்றுக்கு அப்படி இரட்டை கிடையாது. உலகில் பாப்ஸ் ஒன்றுதான். பழைய புகைப்படங்களைப் பார்த்தும், எஞ்சிய துண்டுகளைப் பார்த்தும்தான் உருவம் கொடுக்க வேண்டும்.

இது தனி ஒருவரால் ஆகிற காரியம் அல்ல. நண்பர்கள் கைகொடுத்தார்கள். கல்லூரி வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஓவன் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஒரு குழந்தை பிறந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம், அந்தக் கார் எழுந்து நிற்கப் பிடித்தது. ஒருநாள் பன்னிரண்டு சிலிண்டர்களும் மறுபடி முழங்கின. மாண்டதாக எண்ணிய கார் மூச்சு விட்டது!

அதே கார்தானா?

இத்தனை உறுப்புகளை மாற்றிய பிறகு, இது பழைய பாப்ஸ்தானா என்று சிலர் கேட்கலாம்.

கோயில் தேருக்கு அச்சு மாற்றுகிறார்கள். சக்கரம் மாற்றுகிறார்கள். வடம் மாற்றுகிறார்கள். ஆனாலும் ஊராருக்கு அது பாட்டன் காலத்துத் தேர்தான். புதிய மரமும் பழைய தேருக்குள் சேர்ந்து பழைய பெயரை வாங்கிக்கொள்கிறது.

பாப்ஸும் அப்படித்தான். அடிச்சட்டம் அதனுடையது, பரம்பரை அதனுடையது. ஒரு பிரபுவும் நண்பரும் கருக்கொடுத்தார்கள். பாரி-தாமஸ் உயிர் கொடுத்தார். ஓவன் மறுபிறவி கொடுத்தார்.

கார் சொன்ன சாட்சியம்

பழுது பார்ப்பவரின் கண் வேறு. வேடிக்கை பார்ப்பவரின் கண் வேறு. எந்தப் பல் எப்படித் தேய்ந்தது, எந்தக் கம்பி எந்தப் பக்கம் வளைந்தது, எது முதலில் ஒடிந்தது, எது பிறகு ஒடிந்தது என்பதையெல்லாம் பிரித்துப் பார்ப்பவர்தான் காண முடியும்.

பாப்ஸின் எச்சங்களையும் சங்கிலியையும் இப்படி ஆராய்ந்தபோது பழைய முடிவு ஆட்டம் கண்டது. வலது பக்கப் பின்சக்கரம் முதலில் பழுதானதால்தான் விபத்து நேர்ந்திருக்க வேண்டும் என்று சான்றுகள் காட்டின. அதன்படி பார்த்தால், பாரி-தாமஸுக்குப் பட்ட காயங்களும் சங்கிலி அடித்தவை அல்ல. கார் கவிழ்ந்து மணலில் தேய்த்துக்கொண்டு போனபோது ஏற்பட்டவை.

நாற்பது ஆண்டுக்கு மேல் எல்லோரும் சங்கிலியைக் குற்றவாளி என்றார்கள். குற்றவாளி என்று சொல்லப்பட்டதும் சாட்சியும் ஒன்றாக மண்ணுக்குள் கிடந்தன. கேட்பார் இல்லை. தோண்டி எடுத்துத் துடைத்துப் பார்த்த பிறகுதான் மறு விசாரணை நடந்தது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பாரி-தாமஸ் பிழைத்து வரப்போவதில்லை. ஆனாலும் அவர் ஓர் என்ஜினீயர். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதே என்ஜினீயரின் தர்மம். அவர் தம் காருக்குச் செய்திருக்கக்கூடிய காரியத்தை, அவர் போன பிறகு மற்றோர் என்ஜினீயர் செய்து முடித்தார். கல்லறையைக் கிளறுவதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

மறுபடியும் பென்டைனில்

பாப்ஸ் எங்கே மாண்டதோ, அந்த ஊருக்கே திரும்பி வந்தது. பென்டைனில் வேகச் சாதனைகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. பழைய கட்டடம் போய், 2023இல் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாரி-தாமஸ் வாழ்ந்த புரூக்லண்ட்ஸிலும் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் பாப்ஸைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பொது நிகழ்ச்சிகளில் என்ஜினை முழங்க வைத்து ஓட்டியும் காட்டியிருக்கிறார்கள்.

சிறுவர்கள் அதன் நீண்ட மூக்கையும் புகைபோக்கிகளையும் பார்த்து வாய் பிளக்கிறார்கள். பெரியவர்கள் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்க்கிறார்கள். சங்கிலி அங்கேதான் இருக்கிறது, எண்ணெய் பூசிக்கொண்டு, பழி நீங்கி!